டீப் ஃப்ரீசரில் சோடாக் குழாய்: எல்லாம் சரி, இந்தத் தண்ணிதான்

முதலில் தண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். டீப் ஃப்ரீசரைக் குழாய் வைத்த சோடாப் பெட்டியாக மாற்றிச் சில வருஷம் ஆகிறது. குமரி மாவட்டத்தில் கருங்கலுக்கும் குளச்சலுக்கும் நடுவில், கடல்காற்று தடையில்லாமல் வந்து மோதுகிற வீடு. இத்தனை நாளும் என்னை விடாமல் படுத்துவது கேஸும் இல்லை, கரண்டும் இல்லை. பெட்டிக்கு அடியில் தேங்குகிற தண்ணி.

போன வாரம் உள்ளே இருந்த சின்ன ஃபேன் நின்றுபோனது. குளிரை மேலும் கீழும் கலக்குவதற்காக வைத்த கம்ப்யூட்டர் ஃபேன். கழற்றினால் ஸ்க்ரூ தலையெல்லாம் துருவேறி, ஒயர் முனை பச்சை பூத்துக் கிடக்கிறது. மாற்ற வந்த பையன் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஃப்ரீசர் இல்ல, கிணறு" என்றான். அதே வாரம்தான் மெல்போர்னில் இதே மாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கும் கூட்டுக்காரன் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான்: "எல மக்கா, ஊருக்கு ஒரேயடியா வந்துரலாம்னு இருக்கேன். என் பெட்டியக் கப்பல்ல ஏத்தட்டா? நம்ம ஊருக்கு ஒத்து வருமா?" அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. இந்த யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கே போடுகிறேன்.

அவன் பெட்டியில் ஓடுவது பீர். அங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சுகிறார்கள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இங்கே 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. லைசன்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் போலீஸ் கேஸ்தான். ஆகவே என்னுடையதில் சோடா மட்டும். நன்னாரி, எலுமிச்சை, உப்பு எல்லாம் கிளாஸில் சேர்த்துக்கொள்வது. கெக்குக்குள், அதாவது தண்ணியில் கேஸ் ஏற்றி அடைத்து வைக்கிற பீப்பாய்க்குள், சர்பத்தை ஊற்றாதீர்கள். நன்னாரி வாசம் டியூபில் ஒருதரம் ஏறினால் எத்தனை தடவை கழுவினாலும் இறங்காது.

பெட்டி எப்படிச் செய்வது என்பதெல்லாம் வீடியோவில் கொட்டிக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெட்டியின் சுவரில் துளை போடாதீர்கள். சுவருக்குள்தான் பெட்டியைக் குளிரவைக்கிற கேஸின் குழாய் சுற்றி ஓடுகிறது. இப்போது வருகிற பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, தீப்பிடிக்கிற கேஸ். அதனால்தான் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மரச் சட்டத்தை உட்கார வைத்து, குழாய்க்கான துளையை அதில் போடுவது. எங்கள் ஆசாரி அயினிப் பலகையில் செய்து தந்தார். "வள்ளம் செய்யப்பட்ட மரமாக்கும், வெள்ளத்துக்கெல்லாம் அசையாது" என்றார். அவர் சொன்னதில் குறை சொல்ல முடியாது. மரம் அப்படியே இருக்கிறது. அதில் அடித்த ஸ்க்ரூதான் இற்றுப்போனது.

இனி தண்ணி எங்கிருந்து வருகிறது என்ற கதை. பெட்டி ஃப்ரீசராகவே மைனஸ் 18 டிகிரியில் ஓடும்போது, உள்ளே வருகிற ஈரம் சுவரில் பனியாக ஒட்டிக்கொள்ளும். எப்போதாவது சுரண்டி எடுத்தால் போதும். நாம் வெளியில் ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலரை மாட்டி 4 டிகிரியில் நிறுத்துகிறோம். கம்ப்ரெசர் ஓடும்போது சுவரில் லேசாகப் பனி பிடிக்கிறது, நின்றதும் உருகி வழிகிறது. ஓடும், நிற்கும், வழியும். ராத்திரி பகல் இதே வேலை. தண்ணி வடிய அடியில் துளை இருக்குமே என்பீர்கள். என் பெட்டியில் அந்தத் துளை தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரத்தில் இருக்கிறது. அதை அங்கே வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

"சும்மா சும்மா மூடியத் திறக்காத" என்பது மெல்போர்ன்காரனின் வைத்தியம். வீட்டிலும் அதையே சொன்னார்கள். எனக்குச் சந்தேகமாக இருந்ததால் கணக்குப் போட்டேன். 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணி இருக்கும். அதே காற்று 4 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஆறு கிராம் சொச்சம்தான் தாங்கும். மீதி 18 கிராம் கீழே விழுந்தாக வேண்டும். என்னுடையது 300 லிட்டர் பெட்டி. உள்ளே இருக்கிற காற்று மொத்தமாக மாறினாலும் வடிவது ஐந்தாறு கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். நான் துடைத்துப் பிழிவதோ அரை வாளி. மூடியைத் திறப்பதால் இவ்வளவு வர வழியே இல்லை. வீட்டில் எல்லாரும் தூங்கும்போதும் எங்கிருந்தோ காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

ராத்திரி லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். கீல் பக்கம் மரச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் நூல் தடிமனுக்கு ஒரு வெளிச்சக் கோடு, முழம் நீளத்துக்கு. சென்சார் ஒயர் நுழைகிற இடத்தில் மூடியின் ரப்பர் தூக்கிக்கொண்டு இன்னொரு பொட்டு. ரெண்டையும் சிலிக்கான் வைத்து அடைத்தேன். மாசி, பங்குனியில் பெட்டி காய்ந்த ஓடாய்க் கிடந்தது. ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் திரும்பவும் சளசள. இதற்கு மேல் எங்கே அடைக்க, மூடியின் ரப்பரே இந்தக் காற்றுக்குத் தோற்றுப்போகிறது. ஈரம் உறிஞ்சுகிற டப்பாக்களும் வாங்கிப் போட்டாயிற்று. கால்சியம் குளோரைடு போட்டது நன்றாகவே உறிஞ்சும், ஆனால் உறிஞ்சிய பிறகு அதுவே உப்புத் தண்ணியாக டப்பாவில் நிற்கும். கை தட்டிக் கொட்டினால் பெட்டித் தகடு போச்சு.

துடைப்பதுதான் வழி. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது, இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். சோடாவில் ஏற்றுகிற கேஸ், அதாவது கார்பன் டை ஆக்சைடு, காற்றைவிட கனம். சிலிண்டரும் பெட்டிக்குள்ளேயே நிற்கிறது. எங்காவது மெல்லக் கசிந்தால் கேஸ் மேலே வராது, பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். அடியில் துடைக்க வேண்டுமென்றால் இடுப்பு வரைக்கும் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும், மூச்சை அடைக்கப்போவது அந்தக் கேஸ்தான். நான் மூடியைத் திறந்து, மேசை ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பிவைத்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் குனிவேன். ஆள் துணைக்கு நிற்க வேண்டும். பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க மூடிக்குப் பூட்டு.

இவ்வளவு திட்டிவிட்டேன், நியாயமும் பேச வேண்டும் அல்லவா?

சோடா என்றால் இதுதான் சோடா. கலர் கம்பெனி பாட்டிலில் வருவது இதற்குப் பக்கத்தில் நிற்காது. காரணம் குளிர். 4 டிகிரியில் தண்ணி வாங்கிக்கொள்கிற கேஸில் பாதிகூட 30 டிகிரித் தண்ணி வாங்காது. பீருக்கு 10, 12 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். நான் 30 வைத்து, ரெண்டு மூன்று நாள் ஆறப் போடுவேன். அந்த அழுத்தத்துக்குப் பீர்க்காரர்கள் வைக்கிற பத்தடி டியூப் பற்றாது, சீறியடிக்கும். அதுபோல் ரெண்டு மடங்கு நீளத்தைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறேன். குழாயைச் சாய்த்ததும் முதலில் ஒரு வாய் நுரையாய் வரும், பிறகு கண்ணாடி மாதிரி இறங்கும். சின்ன வெங்காயம் தட்டிப்போட்ட நெய்மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு, உப்பும் எலுமிச்சையும் போட்ட கிளாஸில் இதைப் பிடித்து ஒரு மடக்கு. மூக்கில் ஏறி, கண் கலங்கி, நெஞ்சுக்குள் இருந்து ஒரு ஏப்பம் வரும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மயினி சாப்பிட்ட கையோடு கிளாஸை நீட்டுவார்கள்: "தம்பி, அந்தக் கொழாய இன்னொருக்கா தெறங்க." அம்மாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "ரெண்டு கிலோ சாளை வைக்க எடமில்ல, இவனுக்குச் சோடாவுக்கு ஒரு பெட்டி."

கரண்ட் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மைனஸில் ஓட வேண்டிய பெட்டி 4 டிகிரிக்கு ஓடுவதால் கம்ப்ரெசர் பெரும்பாலும் தூங்குகிறது. நின்ற கம்ப்ரெசர் உடனே திரும்பக் கிளம்பாதபடி கன்ட்ரோலரில் சில நிமிஷம் இடைவெளி வைக்கும் வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் வையுங்கள்.

சிலிண்டரின் மீட்டரைப் பார்த்துப் பதறாதீர்கள். 30 டிகிரி வெக்கையில் நிற்கும்போது 70 பார் காட்டியது, பெட்டிக்குள் வைத்த மறுநாள் 40க்குப் பக்கத்தில் இறங்கி நிற்கும். உள்ளே திரவமாக இருக்கிற வரைக்கும் முள் குளிரைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. தராசில் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு. வெல்டிங் கடை கேஸ் வேண்டாம், சோடாக் கம்பெனிக்குப் போடுகிறவரிடம் வாங்குங்கள். சோடாத் தண்ணி புளிப்பு, பித்தளையிலிருந்து செம்பை அரித்து எடுக்கும். அதனால் கெக்கிலிருந்து குழாய் வரைக்கும் தண்ணி படுகிற உலோகமெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். மேலே மின்னுகிற முலாமைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆக, மக்கா, உனக்கான பதில். பெட்டியை ஏத்தாத. வோல்டேஜ் ஒத்துவரும், ரெண்டு ஊரிலும் 230தான். ஆனா உன் ஊர்க் காத்து வேற, நம்ம காத்து வேற. அங்க நீ மாசத்துக்கு ஒருக்கா துடைக்கிறத இங்க ஆடி மாசம் வாரா வாரம் துடைக்கணும். சவம், அதுக்கு நாலு காசு குடுத்துக் கடையில ஒரு சோடா வாங்கிக் குடிச்சிட்டுப் போயிரலாம். எவன் கேட்டாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பெட்டிய அங்கேயே வித்துரு. கெக்கையும் அந்த ஸ்டெயின்லெஸ் குழாயையும் மட்டும் விக்காத, லக்கேஜ்ல போட்டுக் கொண்டா. என் மரச் சட்டத்துல ரெண்டாவது துளைக்கு எடம் கெடக்கு, ஆசாரிக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.