வில்சன் ஜிஎஸ்டி தோல் பந்து: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனுக்குத் தாங்குமா?

வில்சன் நிறுவனத்தின் ஜிஎஸ்டி மாடலான இந்த நீள்வட்டப் பந்தைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே மேட்சில் இறக்கக் கூடாது. புதுத் தோல் வழவழவென்று கையை விட்டு நழுவும். ‘கிரிப் இல்லை’ என்று ஒதுக்கிவிடாமல் மூன்று நாள் பழக்கினால், கல்லூரி மட்டத்தில் இதைவிட நம்பிக்கையான பந்து கிடைப்பது அரிது.

அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘பன்றித்தோல்’ என்றாலும், இது மாட்டுத்தோல் பந்து. தோல் சிகாகோவின் ஹார்வீன் ஆலையில் பதப்படுகிறது. பந்து ஒஹையோ மாநிலத்தின் ஏடா ஊரில் உருவாகிறது. நான்கு துண்டுகளை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, ஆவியில் இளக்கி, புரட்டி, பிளாடரை (உள்ளே காற்றை அடைக்கும் பையை) நுழைத்து, திறப்பை லேஸ் கயிற்றால் கட்டுகிறார்கள்.

கல்லூரி விதிப்படி லேஸை ஒட்டிய இரண்டு துண்டுகளில் மட்டும் 1 அங்குல அகல வெள்ளைப் பட்டை இருக்கும். சாதாரணப் பந்துகளில் அது வெறும் பெயின்ட். தோலின் சிறு புடைப்புகளை பெயின்ட் அடைத்துக்கொள்வதால் விரல் வழுக்கும். பந்தை எறியும் வீரரான குவாட்டர்பேக்கின் ஆள்காட்டி விரல் பெரும்பாலும் பின்முனைப் பட்டையை ஒட்டித்தான் அமரும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல. ஜிஎஸ்டியில் சொரசொரப்பான பட்டைகளைத் தனியாகத் தைத்திருக்கிறார்கள். கூடுதல் காசு இதற்கே தகும்.

பழக்கும் முறை இதுதான். முதலில் காய்ந்த குதிரைமுடி பிரஷால் மேலே படிந்திருக்கும் மெழுகு போகத் தேயுங்கள். பிழிந்த ஈரத்துண்டால் ஒருமுறை துடையுங்கள். தோல் லேசாகக் கருக்க வேண்டும், சொட்டக் கூடாது. அந்த ஈரத்திலேயே தோலை மென்மையாக்கும் கண்டிஷனரை மெல்லிய பூச்சாகத் தடவி, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, மறுபடி பிரஷ் போடுங்கள். இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாளும் அதற்கடுத்த நாளும் இதையே செய்யுங்கள். அள்ளிப் பூசினால் புடைப்புகளுக்கிடையே அது அடைந்து, புதுப் பந்தைவிட மோசமாக வழுக்கும். லேஸில் படவே கூடாது.

காற்று விஷயத்தில்தான் பல அணிகள் கோட்டை விடுகின்றன. விதிப்படி பந்தின் காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும். 24 டிகிரி செல்சியஸ் அறையில் 12.5 அடித்த பந்து, நவம்பர் மாலையில் 4 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 10.7 காட்டும். பந்தில் ஓட்டை இல்லை, குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். பந்தை வெளியே வைத்துக் குளிரவிட்ட பிறகு அளந்து அடியுங்கள். ஊசியை ஒரு சொட்டு கிளிசரினில் நனைத்து நேராகச் செருகுங்கள்; காய்ந்த ஊசியைச் சாய்த்துக் குத்தினால் வால்வு கிழியும். அளவுக்கு மீறி அடித்தால் தோல் இழுபட்டு நடுவயிறு உப்பும். ஒருமுறை உப்பியது பழைய வடிவத்துக்குத் திரும்பாது, எறியும்போது பந்து நேராகச் சுழன்று செல்லும் ஸ்பைரல் தள்ளாடும்.

மழைதான் இதன் பலவீனம். தோல் நீரை உறிஞ்சி கனத்துவிடும். விதி அனுமதிக்கும் எடையோ 14 முதல் 15 அவுன்ஸ்தான். நனைந்த பந்தை ஹீட்டர் பக்கம் வைத்தால் தோல் விறைத்துச் சுருங்கும். துடைத்து, காற்றை இறக்காமல், அறை வெப்பத்தில் உலரவிட்டு, லேசாகக் கண்டிஷனர் போடுங்கள். மழைக்கென்று இரண்டு பந்துகளைத் தனியே ஒதுக்குவது நல்லது.

வழக்கமான சீசன் 12 ஆட்டம். தாக்கி ஆடும்போது ஒவ்வொரு அணியும் தன் பந்தையே பயன்படுத்தலாம் என்பதால், பழக்கிய உழைப்பு உங்கள் குவாட்டர்பேக்குக்கே பயன்படும். ஆறு பந்துகளை ஒரே வாரத்தில் பழக்கி, எண் எழுதி, மேட்சுக்கு மட்டும் சுழற்றுங்கள். புடைப்பு தேய்ந்து பளபளக்கத் தொடங்கியதைப் பயிற்சிப் பையில் போட்டுவிடலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஜிஎஸ்டி என்ற பெயரிலேயே செயற்கைத் தோலால் ஆன காம்போசிட் பந்தும் வருகிறது. விலை குறைவு, பழக்கவும் வேண்டாம்; ஆனால் இந்தத் தோலின் பிடிப்பு அதில் வராது. பெட்டியில் ‘தோல்’ என்று இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.