விக்கிமீடியா பொதுவகம்: தொடுவெட்டிக்காரன் ஒருவனின் மதிப்பீடு

பயன்படுத்தியது நாலு மாதம். சேவைக்குக் காசு கிடையாது. ஒரு ஸ்டுடியோவுக்குக் கொடுத்த 150 ரூபாய்தான் மொத்தச் செலவு, அதுவும் வீண். ஏற்றிய படம் 41, நிலைத்து நிற்பது 38.

தொடுவெட்டி என்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் என் ஊரான மார்த்தாண்டத்தின் பழைய பெயர். தமிழ் விக்கிப்பீடியாவில் அந்த மார்த்தாண்டத்தைப் பற்றி விரிவாக எழுத ஆசைப்பட்டேன். ஊர்க்காரன் படித்தால் ‘ஆமா, இது நம்ம ஊருதான்’ என்று சொல்ல வேண்டும். எழுத்து விக்கிப்பீடியாவில் இருக்கும். படம் இருக்கும் கிடங்கின் பெயர் பொதுவகம். 2004இல் தொடங்கிய இந்தக் கிடங்கில் ஒரு தடவை ஏற்றிவிட்டால் எந்த மொழிக் கட்டுரையிலும் அதே படத்தைப் போடலாம். எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு இது பெரிய வசதி. எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளத்துப் பாறசாலையில் இருக்கும் என் மைத்துனர் நான் எடுத்த படங்களையே மலையாளக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அதுதான் இதன் ஏற்பாடு.

கட்டுரைக்காக முதலில் நான் தேடிப் பொறுக்கிய படங்கள் மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, சிதறால் மலையில் சமணர் சிற்பங்கள். மூன்றும் நல்ல படங்கள்தான், ஆனால் மூன்றில் ஒன்றுகூட மார்த்தாண்டத்தில் இல்லை! மூன்றையும் கட்டுரையிலிருந்து கழற்றிவிட்டேன். “அப்பா, தொட்டிப்பாலம் இல்லாம யாரு நம்ம ஊரைப் பாப்பா?” என்றான் மகன். 1966இல் கட்டிய அந்தப் பாலம் அதன் சொந்தக் கட்டுரையில் சுகமாக இருக்கட்டும். கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரியைப் படம் எடுக்க முடியுமா?

சரி, மார்த்தாண்டத்தில் என்னதான் இருக்கிறது என்று யோசித்தால், பட்டென்று கண்ணில் படுவது மேம்பாலம். பம்மத்திலிருந்து வெட்டுவெந்நி வரை போகும் இரும்புப் பாலம். கீழே நின்று எடுத்தால் இருட்டும் தூணும்தான் விழுகின்றன, மேலே ஏறி எடுத்தால் பாலம் மட்டும் விழுகிறது, ஊரைக் காணோம். கடைசியில் ஒரு துணிக்கடையின் மூன்றாம் மாடியில் காவலாளியிடம் கெஞ்சி நின்று எடுத்தேன். பாலமும் அடியில் பஸ் நெரிசலும் தூரத்தில் தென்னந்தலைகளும் ஒரே சட்டத்தில் வந்தன. கட்டுரையின் உச்சியில் இப்போது நிற்பது அதுதான்.

கட்டுரையின் ஓரத்தில் ஊர் விவரங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் தகவற்பெட்டிதான் என்னை அதிகம் படுத்தியது. மக்கள்தொகை என்று ஒரு கட்டம் இருக்கிறது. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் இருக்கும் ஒரு பகுதி. 2011 கணக்கெடுப்பு எண் நகராட்சி முழுவதற்கும் சேர்த்துத்தான். அதைத் தூக்கி மார்த்தாண்டத்தின் தலையில் வைத்தால் பொய்யாகிவிடும். கட்டத்தைக் காலியாக விட்டேன். ஊரின் பழைய பெயர் தொடுவெட்டி என்பதை முதல் வரியிலேயே சேர்த்தேன். சந்தைக்குப் போகும் கிழவிகள் இன்றைக்கும் ‘தொடுவெட்டிக்குப் போறேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் 1954 ஆகஸ்ட் 11. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் பகுதி தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் இங்கேயும் பக்கத்து ஊரான புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, எங்கள் விளவங்கோடு உட்பட நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டில் சேர்ந்தன. இந்தப் பகுதிக்குப் படமே போடவில்லை. அன்றைய நிகழ்வின் படம் கையில் இல்லாதபோது ஏதோ ஒரு சிலையைப் படம் பிடித்துப் பக்கத்தில் ஒட்டுவதை என்னால் செய்ய முடியவில்லை.

சந்தையில் மட்டி வாழைக்குலைகளை எடுக்கப் போனேன். கன்னியாகுமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குலைக்காரி அக்கா, “சாரே, படம் எடுத்தா பைசா தருவியளா, இல்ல குலையாவது வாங்குவியளா?” என்றார். ஒரு சீப்பு வாங்கினேன். முகம் விழாமல் கையும் குலையும் மட்டும் தெரிய எடுத்தேன். 41இல் எனக்குப் பிடித்தது இதுதான்.

அதே ஆண்டில் மார்த்தாண்டம் தேனுக்கும் குறியீடு கிடைத்தது. 1920களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், கிராமத்தாருக்குத் தேனீப் பெட்டி வைக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். பாட்டில் படம் விளம்பரம் மாதிரி இருக்கும் என்று ரப்பர் தோட்டத்துக்குள் வரிசையாக நிற்கும் பெட்டிகளை எடுத்தேன். விளக்கத்தில் ‘ரப்பர் பூத் தேன்’ என்று எழுதிவிட்டேன். பெட்டிக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். “பூவுல இல்ல சார், கொழுந்து விடும்போது எலைக்காம்புல சொரக்கும், ஈ அதைத்தான் குடிக்கும்.” மாற்றினேன். பொதுவகத்தில் விளக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், பழைய தப்பு வரலாற்றுப் பக்கத்தில் தேதியோடு கிடக்கும். எனக்கு அது கொஞ்சம் கூச்சம், ஆனால் நியாயம்.

இனி அந்த 150 ரூபாய் கதை. 1979இல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது. குழித்துறை நிலையத்தில் கூட்டம் முண்டியடிக்கும் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று சித்தப்பாவின் பெட்டியில் இருந்தது. ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் வானம் நீலமாக இருந்தது, மூலையில் கடையின் பெயர்! “சும்மா பளிச்சுனு ஆக்கிக் கொடுத்தேன் சார்” என்றார் கடைக்காரர். அவரிடம் என்ன சொல்ல? வீட்டிலேயே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மொபைலில் எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் அதை ஏற்றவில்லை. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான் என்கிறது நம் சட்டம். சித்தப்பா எடுக்கச் சொல்லவில்லை. ஒரு போட்டோக்காரர் தானாக எடுத்துப் பிரதி போட்டு விற்றதை வாங்கியிருக்கிறார். எனவே உரிமை அந்தப் போட்டோக்காரருக்கு. வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு அது நிற்கும். இந்தியச் சட்டப்படி கணக்குப் போட்டால் 2040 ஜனவரியில்தான் அது தீரும். எனக்கு இப்போது 61 வயது. படத்தை உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி மகனிடம் கொடுத்துவிட்டேன்.

நான் ஏற்றிய 41இல் பொதுவகத்தில் நீக்கப்பட்ட மூன்றும் என் தப்பு. மூன்றுமே மதில் ஓவியங்கள். பொது இடத்தில் நிலையாக நிற்கும் கட்டடத்தையும் சிலையையும் இந்தியாவில் படம் எடுத்துப் போடலாம், சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை ஒரு தன்னார்வலர் இரண்டே வரியில் விளக்கிவிட்டுத்தான் நீக்கக் கோரினார். அவருக்குச் சம்பளம் இல்லை. எங்கள் தாலுகா ஆபீஸில் இத்தனை பதவிசாக யாரும் என்னிடம் பேசியதில்லை என்று எழுத வந்தேன், வேண்டாம்.

யாருக்கு இது ஒத்துவராது என்றால், ‘என் படத்தை வைத்து வேறு யாரும் காசு பார்க்கக் கூடாது’ என்று நினைப்பவருக்கு. வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு இங்கே படம் ஏற்க மாட்டார்கள். நான் கொடுப்பது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். பெயர் போட்டு, அதே நிபந்தனையில் யாரும் பயன்படுத்தலாம். என் மட்டிக்குலை ஒரு பழக்கடை ஃபிளெக்ஸில் தொங்குகிறது. என் பெயர் இல்லை. கேட்டதற்கு, “நெட்ல கெடந்துச்சு” என்றார்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது, எதை ஏற்றலாம் என்று சொல்லும் இந்தச் சேவை எதை எடுக்க வேண்டும் என்று சொல்லாததற்காக. அது அதன் வேலை இல்லை என்று மகன் வாதாடுகிறான்.

முன்னோருக்குப் பலி கொடுக்கும் குழித்துறை வாவுபலித் திருவிழாவைப் படம் எடுப்பது இன்னும் பாக்கி. ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் விடியற்காலை நாலு மணிக்கு நிற்க வேண்டும். அதற்குள் மொபைலில் இருப்பிடத்தை ஆன் செய்ய வேண்டும். இதுவரை எடுத்த 41 படத்திலும் அதை அணைத்தே வைத்திருந்திருக்கிறேன், வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் கையால் குத்திக்கொண்டிருக்கிறேன்.