தம்பி ஐந்து மாதம் தங்கிய சோபர் ஹோம்: ஒரு அக்காவின் ரிவ்யூ

வேளச்சேரி பக்கம் ஒரு சோபர் ஹோமில், அதாவது குடியை நிறுத்தியவர்கள் மறுபடி குடிக்காமல் இருக்கச் சேர்ந்து தங்கும் வீட்டில், என் தம்பி ஐந்து மாதம் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வெளியே வந்தான். பெயரை எழுதவில்லை, அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஆபீசில் சொல்லாமல் தங்கியிருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை டீ-அடிக்‌ஷன் சென்டரில் முப்பது முப்பது நாள் இருந்தவன். இரண்டு தடவையும் முகம் தெளிந்து, கை நடுக்கம் இல்லாமல்தான் வந்தான். முதல் தடவை பதினோரு நாள் தாங்கியது, அடுத்த தடவை மூன்று வாரம். அவனுக்கு வேலை ஆறரைக்கு முடியும், டாஸ்மாக் ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கும், நடுவில் இருக்கிற அந்த மூன்றரை மணி நேரத்தை என்ன செய்வது என்று யாருமே அவனிடம் பேசவில்லை. இந்த வீடு பிடித்துக்கொண்டது அந்த நேரத்தைத்தான், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது ஆஸ்பத்திரி இல்லை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், ஆள் குழம்பிப் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை டாக்டர் மேற்பார்வையில் கடந்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் பார்க்கிறார்கள், இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த, டி.டி.கே. தொழிலதிபர் குடும்பத்து சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது அது. அவ்வளவு வசதியான குடும்பத்திலேயே இப்படி நடந்திருக்கிறது என்று சொன்னபோதுதான் எங்கள் அம்மா இதை வியாதி என்று ஒத்துக்கொண்டார், அதுவரை ‘வளர்ப்பு சரியில்லை’ என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். மாடி வீடு, மூன்று ரூம், ஒன்பது பேர். மாதம் 16,000 ரூபாய், சாப்பாடு சேர்த்து. பகலில் வேலைக்குப் போகலாம், ஏழரைக்குள் திரும்பிவிட வேண்டும். உள்ளே வந்ததும் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஆணியில் தொங்கும் நோட்டில் நேரம் எழுதி, பக்கத்தில் இருக்கிற, குடித்திருந்தால் காட்டிவிடும் மெஷினில் ஊத வேண்டும். அப்புறம் காய் நறுக்குவது, சப்பாத்தி தேய்ப்பது, எட்டரைக்கு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து அன்றைக்கு எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றியது என்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசுவது. வாரம் இரண்டு நாள் சர்ச் ஹாலில் தமிழ் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் குழு) மீட்டிங், அதற்குக் காசு கிடையாது. ஹவுஸ் மேனேஜர் பன்னிரண்டு வருஷமாகக் குடிக்காதவர், ஒருநாளும் அவர் உபதேசம் செய்து நான் பார்த்ததில்லை. தம்பி ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் கடை இருக்கிறது என்றதும், மறுநாள் சாயங்காலம் அவரே போய் நின்று வேறு தெரு வழியாகக் கூட்டி வந்தார், ஒரு வாரம் முழுக்க.

குறையும் இருக்கிறது. இரண்டாவது மாதம் தம்பி பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஒரு ரிசப்ஷனுக்குப் போனான், திரும்பி வந்து ஊதினால் மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. மவுத்வாஷ் என்றானாம். அதுவும் காட்டும் என்பதால் பதினைந்து நிமிஷம் உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி மறுபடி ஊதச் சொல்லியிருக்கிறார்கள், நம்பர் இறங்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு எனக்கு போன், “தம்பி இன்னிக்கு இங்க தங்க முடியாதும்மா, நீங்க வந்துடுங்க.” அம்பத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்தான், “அக்கா, திட்டாதக்கா” என்றான்.

குடித்தவர் அன்றைக்கே வெளியே என்ற விதியைத் தப்பு சொல்லமாட்டேன், உள்ளே எட்டுப் பேர் அதே போராட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் நான் வெளியூரில் இருந்திருந்தால்? அந்த ராத்திரி எங்கே அனுப்புவது என்று ஒரு ஏற்பாடும் அவர்களிடம் இல்லை. அமெரிக்காவில் மேரிலாண்டில் 1975-இல் ஆரம்பித்த ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் வீடுகளிலும் குடித்தால் வெளியேதான், ஆனால் அங்கே தங்கியிருப்பவர்களே ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறார்கள், இங்கே மேனேஜர் ஒருத்தர் முடிவு. ஒன்பது நாள் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டபோது பழைய அட்வான்ஸில் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், ரசீது கேட்டு மூன்று தடவை போன் பண்ண வேண்டியிருந்தது.

மாதம் ஒரு ஞாயிறு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். அங்கேதான் அம்மா, போன வருஷம் சுவர் விளம்பரத்தைப் பார்த்து, குடியை நிறுத்திவிடும் என்று ஏதோ பொடி வாங்கி அவனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்ததைச் சொன்னார். வந்திருந்த டாக்டர் பதறிப்போனார். குடியை விட டாக்டர்களே எழுதிக்கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கிவிடும், தெரிந்து சாப்பிடுகிறவருக்கே அப்படி என்றால் தெரியாமல் சாப்பிடுகிறவர் கதி என்ன என்று கேட்டார். தம்பி எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

தேடும்போது இன்னொரு இடமும் பார்த்தோம். பட்டப்பகலில் கிரில் கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு, உள்ளே இருந்து ஒருத்தர் எங்களிடம் போன் கேட்டார். அப்படியே திரும்பிவிட்டோம். சிகிச்சையும் கொடுக்கிறோம் என்று சொல்லும் இடமாக இருந்தால், 2017 மனநலச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று சர்டிஃபிகேட்டைக் கேட்டுப் பாருங்கள்.

நேரில் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து காலையில் போகாதீர்கள், காலையில் எல்லா வீடும் சுத்தமாகத்தான் இருக்கும். ஏழரை மணிக்குப் போய், ஆட்கள் வேலை முடிந்து ஒவ்வொருவராக உள்ளே வருவதையும், அவர்களிடம் யார் என்ன பேசுகிறார்கள் என்பதையும் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.