ஜவளகிரியா குமாயுனா: எந்தத் துரையின் புலியை முதலில் படிப்பது?

எங்கள் பக்கத்தில் புத்தகம் படிக்கிற பையன் ஒருவன் இருந்தால், என்றைக்காவது அவன் கைக்கு, நம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு அதைக் கதையாக எழுதிய கென்னத் ஆண்டர்சன் வந்து சேர்ந்துவிடுவார். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஊட்டமலை என்று பஸ் போர்டில் பார்த்துப் பழகிய பேரெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தில் வந்தால் யாருக்குத்தான் தலை சுற்றாது? வடக்கே இமயமலைப் பக்கம் குமாயுனில் அதே வேலையைச் செய்து எழுதிய ஜிம் கார்பெட் எனக்கு அப்புறம்தான் வந்தார். இருவரில் யார் பெரிய ஆள் என்ற சண்டை நண்பர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. இந்த வருஷம் இரண்டு பேரையும் ஒரு மூச்சாகத் திரும்பப் படித்தேன், அதில் பட்டதைச் சொல்கிறேன்.

எழுத்து என்று பார்த்தால் கார்பெட்தான், பேச்சே இல்லை. சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாயுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதை அவர் சுட்டது 1907இல், புத்தகம் வந்தது 1944இல். அத்தனை வருஷம் கழித்து எழுதுகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துவிட்டிருக்கலாம். இவரோ புலியின் வாயைத் திறந்து பார்த்து, வலதுபக்கக் கோரைப்பற்கள் பழைய குண்டடியில் உடைந்திருந்ததைக் காட்டி, அதனால்தான் வழக்கமான இரையை விட்டு மனுஷன் பக்கம் திரும்பியது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வேட்டைக்குப் போகும் முன்பு பரிசுத்தொகையை ரத்து செய்யுங்கள், மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று நிபந்தனை போட்டவர் அவர். மான் கத்துவதிலும் குரங்கு சத்தம் போடுவதிலும் காட்டில் என்ன நடக்கிறது என்று அவர் படிக்கிற விதம் இருக்கிறதே, அதற்காகவே இரண்டாம் முறை படிக்கலாம்.

ஆண்டர்சன் அப்படி இல்லை. கதை சொல்ல உட்கார்ந்தால் ராத்திரி, நிலா, மூங்கில், முதுகு சில்லிடுவது என்று எல்லாமே கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பல இடங்களில் அவரைத் தவிர வேறு சாட்சியும் கிடையாது. ஆனால் ஒரே வித்தையை இருவரும் செய்யும் இடத்தை அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். 1938 நவம்பர் கடைசியில் தாக் கிராமத்துப் பெண்புலியைக் கார்பெட் ஆண்புலி மாதிரி குரல் கொடுத்து வரவழைத்துச் சுடுகிறார். அதில் வெளிச்சம் குறைவதும் குரல் நெருங்குவதும் மட்டும்தான், வேறு அலங்காரம் ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜவளகிரியில் ஆண்டர்சனும் இதையேதான் செய்கிறார். செய்துவிட்டு, இணை தேடி வந்த உயிரை ஏமாற்றிக் கொன்றேன் என்று அவருக்கே உறுத்துகிறது, அதையும் எழுதிவைக்கிறார். அந்த உறுத்தலுக்காகவே ஜவளகிரிக் கதை எனக்குப் பிடிக்கும்.

இன்றைக்குப் படிக்கும்போது என் கண் புலியை விட்டுவிட்டுக் கூட நிற்கிற ஆட்கள் மேல் போய்விடுகிறது. ஆண்டர்சனிடம் பென்னாகரத்து ரங்கா இருக்கிறார், சின்னாற்றுப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியோடு திரிந்த பூசாரி பைரா இருக்கிறார். தடம் பார்ப்பது, இரை கட்டுவது, பரண் போடுவது எல்லாம் இந்த மாதிரி ஆட்கள்தான். ஆனால் 1882ஆம் வருஷத்து மதராஸ் வனச் சட்டத்துக்குப் பிறகு காடு சர்க்கார் சொத்தாகிவிட்டது. லைசென்ஸ் வைத்திருக்கிற துரை சுட்டால் அது வேட்டை, பைரா சுட்டால் கள்ள வேட்டை. ஆண்டர்சனுக்கு இது தெரியும், பைராவோடு நெருக்கமாகவும் பழகுகிறார், ஆனால் அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவருடைய முதல் புத்தகமே 1954இல்தான் வந்தது என்பதை மறக்கக் கூடாது: வெள்ளைக்காரன் போய் ஏழு வருஷம் ஆன பிறகும் தோரணை போகவில்லை. இத்தனை குறை சொன்னாலும், நம் ஊர்க் காட்டு ஜனம் பேரோடும் குணத்தோடும் வாழ்கிற பக்கங்களை வேறு எங்கே போய்த் தேடுவது? இந்த விஷயத்தில் என் ஓட்டு ஆண்டர்சனுக்குத்தான்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. பேட்டர்சனின் சாவோ சிங்கங்களைப் படிப்பதென்றால் எண்ணிக்கையை நம்பாமல் படியுங்கள். 1898இல் கென்யாவில் ரயில் பாதை போட்ட நம் நாட்டுக் கூலிகளைக் கொன்ற சிங்கங்கள் அவை, 135 பேர் என்று அவர் சொன்னார். பிற்பாடு அந்தச் சிங்கங்களின் எலும்பையும் முடியையும் சோதித்து 2009இல் வந்த ஆய்வு 35 பேர் வாக்கில் என்கிறது. மைசூர்ப் பக்கம் கெட்டா போட்டு, அதாவது கூட்டமாக வளைத்து வேலிக்குள் அடைத்து, யானை பிடித்த சாண்டர்சனின் 1878ஆம் வருஷத்துப் புத்தகம், யானையின் பழக்கவழக்கம் தெரிந்துகொள்ள இன்றும் உதவும். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரை நான் பாதியிலேயே மூடிவைத்துவிட்டேன், சும்மா பொழுதுபோக்குக்குச் சுட்டுக்கொண்டே போகிறார், எனக்குச் சலித்துவிட்டது.

சரி, எதில் ஆரம்பிப்பது? வெளியூர்க்காரர் என்றால் கார்பெட், தமிழிலேயே ‘குமாயுன் புலிகள்’ கிடைக்கும். கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர் என்றால் யோசிக்காமல் ஜவளகிரி, அதுவும் அந்த ஊருக்குப் போய்விட்டு வந்து படித்தால் இன்னும் நல்லது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்களே, ஆண்டர்சன் சுற்றிய காடு பெரும்பாலும் அந்த வட்டாரம்தான்.

போன ராகி சீசனில் அஞ்செட்டிப் பக்கம் தெரிந்தவர் ஒருவரோடு காவல் பரணில் ஒரு ராத்திரி இருந்தேன். நாலு கம்பம், மேலே தென்னங்கீற்று, ஒரு தகர டப்பா, ஒரு டார்ச். யானை வரும் வரைக்கும் பொழுது போகட்டும் என்று ஜவளகிரிக் கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, “இரைக்குக் கட்டினாரே, அந்தக் கன்னுக்குட்டி யாருது தம்பி?”

காசு கொடுத்து வாங்கித்தான் கட்டுவதாக எழுதியிருக்கிறார் என்றேன்.

“அப்ப சரி. கூப்பாடு போட்டுப் புலிய வரவச்சாருங்கற. யானைய வந்த வழியே திருப்பி அனுப்பற மாதிரி ஒரு கூப்பாடு இருக்குதான்னு புஸ்தகத்துல பாரு” என்று சொல்லிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.