வீட்டில் ஆல்பம் பதிவு செய்ய ரீப்பர் போதுமா?

இசைத் தயாரிப்பு மென்பொருள்களின் மலிவுப் பதிப்புகள் பெரும்பாலும் எதையாவது பறித்துக்கொண்டுதான் விலையைக் குறைக்கின்றன. ஏபிள்டன் லைவ் இன்ட்ரோ 16 ட்ராக்குகளோடு, அதாவது தனித்தனி ஒலித் தடங்களோடு, நின்றுவிடுகிறது. ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோவில் ஆடியோ ட்ராக்குகள் எட்டுதான். தம்புரா, இரண்டு குரல்கள், வயலின், நான்கு மைக் வைத்துப் பதிவு செய்த மிருதங்கமும் கடமும் என்று எண்ணத் தொடங்கினால் ஒரே பாட்டில் எட்டு நிரம்பிவிடும். பாட்டுக் கேட்கும் மென்பொருளான வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனம் வெளியிடும் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இத்தகைய வரம்பு எதுவும் இல்லை.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழில்முறைப் பயன்பாட்டுக்கும் உரிமம் 60 டாலர். அதற்கு மேல் ஈட்டுவோருக்கு 225 டாலர். இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றே. வாங்குமுன் 60 நாட்கள் எந்த வசதியும் குறையாமல் சோதித்துப் பார்க்கலாம். ஏழாம் பதிப்புக்கு வாங்கும் உரிமம் எட்டாம் பதிப்பு முடியும்வரை செல்லும்.

ஏழாம் பதிப்பில் வந்த ட்ராக் லேன் வசதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒரே சரணத்தைப் பலமுறை பாடி, ஒவ்வொன்றையும் ஒரே ட்ராக்கின் தனித்தனி வரிசையில் வைத்து, நன்றாக அமைந்த இடங்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அவை ஒரே பாடலாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒலிப்பதிவுப் பொறியாளர் உடனில்லாமல் தனியாகப் பாடிப் பதிவு செய்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. கூடவே வரும் ப்ளகின்களில் (துணை நிரல்களில்) ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ரியாஈக்யூ, ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன்படுத்தும் ரியாகாம்ப் ஆகியவை பார்க்க எளிமையாக இருந்தாலும் மிக்ஸிங்குக்கு, அதாவது எல்லா ட்ராக்குகளையும் ஒன்றுசேர்த்துச் சமன்செய்வதற்கு, போதுமானவை. ரியாஃபிர் என்ற இன்னொரு ப்ளகின் மின்விசிறியின் இரைச்சலைத் தனியே கேட்டுப் படித்துக்கொண்டு, பதிவிலிருந்து அதைக் குறைக்கிறது. ஆனால் அளவு மீறினால் குரலில் உலோகத்தன்மை ஏறிவிடும் என்பதால் முடிந்தவரை மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவதே நல்லது.

குறைகள் உண்டு. பியானோ, ட்ரம்ஸ் போன்ற தயார்நிலைக் கருவி ஒலிகள் இதனுடன் வருவதில்லை. கணினிக்குள்ளேயே பாட்டு முழுவதையும் கட்டுபவர் அவற்றைத் தனியே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். மேக் வைத்திருந்தால் அவர் இலவச கராஜ்பேண்டிலேயே தொடங்குவது மேல். மெனுக்களும் மிக நீளமானவை. பழகும்வரை பொறுமை வேண்டும்.

தாளமில்லாத விருத்தத்தையும் தாளத்தோடு வரும் பாடலையும் ஒரே ப்ராஜெக்டில் வைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயல்புநிலையில் ரீப்பர் பதிவுகளை டெம்போவோடு (தாள வேகத்தோடு) பிணைத்து வைக்கிறது. பின்னால் டெம்போவை மாற்றினால் ஏற்கெனவே பாடியவை இடம்பெயரும், நீளவும் சுருங்கவும் கூடும். ப்ராஜெக்ட் அமைப்புகளில் டைம்பேஸ் என்பதை ‘டைம்’ என மாற்றிவிட்டுப் பதிவைத் தொடங்கினால் விருத்தம் பாடியபடியே இருக்கும்.