இடுப்பு மூட்டு மாத்தினவங்களே, "எலும்பு வளர்க்கும் ஊசி"க்குப் பணம் கட்டாதீங்க

78,000 ரூபாய் போச்சு. வயிறு எரியுது, அதான் ஆறுறதுக்கு முன்னாடி எழுதறேன்.

அம்மாவுக்கு 2009-ல இடுப்பு மூட்டு மாத்தினது. நல்லா நடமாடிட்டுத்தான் இருந்தாங்க. இந்த வருஷம் தொடை இடுக்குல வலி, உட்கார்ந்து எழுந்தா சுருக்குன்னு பிடிக்குது. போன்ல வந்த விளம்பரம் பார்த்து, "ஆபரேஷன் இல்லாத மூட்டு சிகிச்சை" மையம் ஒண்ணுக்குப் போனோம். பேர் வேண்டாம்.

அந்த ஆள் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல மாட்டி, கிண்ணத்துக்கு (இடுப்பெலும்புல பொருத்தின செயற்கை மூட்டோட குழிப் பகுதி) மேல கறுப்பா இருந்த இடத்தைப் பேனாவால வட்டம் போட்டார். "இங்க எலும்பு கரைஞ்சிருக்கு." அது உண்மைதான்! பொய் அதுக்கப்புறம்தான். "உங்க ரத்தத்துல இருந்தே ஊசி தயார் பண்ணிப் போட்டா எலும்பு திரும்ப வளரும். மறுபடி கத்தி வைக்க விடாதீங்கம்மா, உங்க பையனா சொல்றேன்"னு அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டார். அம்மாவுக்கு ஆபரேஷன்னாலே நடுக்கம். அந்தப் பயத்துக்குப் போட்ட விலைதான் 78,000.

வலி கூடினதும் போன் பண்ணினா, டாக்டர் கேம்ப் போயிருக்கார். அப்புறம், மூணு மாசம் பொறுங்க. அப்புறம், பெரியவங்க பயிற்சி ஒழுங்கா செய்யல போல. கடைசில வைட்டமின் டி கம்மியாம், இன்னொரு பேக்கேஜ் எடுத்தா தள்ளுபடியாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப்ல நீல டிக்கோட சரி. பில்லுல "சேவைக் கட்டணம் 78,000"னு ஒரே வரி. என்ன ஊசி, யார் போட்டது, ஒண்ணும் இல்ல.

அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். கிண்ணத்துக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் வருஷக்கணக்குல தேய்ஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூளா உதிருமாம். உடம்பு அந்தத் தூளோட சண்டை போடப்போய், சுத்தி இருக்கிற எலும்பு கரையுது. தேய்மானம் நிக்காம ஊசி போட்டு என்ன பிரயோஜனம்? கிண்ணம் இறுக்கமா இருக்கிறப்பவே பார்த்தா பல பேருக்குப் பிளாஸ்டிக்கையும் அதுக்குள்ள சுழலுற பந்தையும் மட்டும் மாத்தி, எலும்பு கரைஞ்ச குழியில எலும்பு வச்சு அடைச்சிடுவாங்களாம். அம்மாவுக்கு இப்ப கிண்ணமே சாய்ஞ்சிருச்சு. பெரிய ஆபரேஷன்.

என்னென்ன கவனிக்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், இப்ப முடியல. வலியே இல்லாமலும் எலும்பு கரையுமாம், அதனால டாக்டர் சொன்ன கணக்குல எக்ஸ்ரே எடுத்துடுங்க. பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீங்க. டிஸ்சார்ஜ் ஃபைல்ல, உள்ள வச்ச மூட்டு எந்தக் கம்பெனி, என்ன சைஸ்னு போட்ட ஸ்டிக்கர் இருக்கும், பத்திரம். புதுசா வலி வந்தா மூட்டு மாத்தற டாக்டர்கிட்டயே போங்க, சீழ் பிடிச்சிருக்கான்னும் ரத்தம் பார்ப்பாங்க. ஊசி பேர் இல்லாத பில்லுக்குக் காசு கொடுக்காதீங்க.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடப் போறேன். 2 வருஷத்துக்குள்ள போடணும், நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் இல்ல. இதே மாதிரி ஒத்தை வரி பில் வச்சிருக்கிறவங்க உள்பெட்டிக்கு வாங்க.