வீட்டுக்கு வந்து வைஃபை சரிசெய்பவரிடம் 3,800 ராண்ட் போச்சு, கவனம்!

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. கம்ப்யூட்டர் விற்று, வீட்டுக்கே வந்து ரிப்பேரும் செய்யும் சின்னக் கடை, அவ்வளவுதான்.

நான் வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். ரவுட்டர் முன்னறையில், டெஸ்க்டாப் பின்னறையில், நடுவே கெட்டியான சுவர். வாட் வரிக் கணக்கை வரித்துறையின் ஈஃபைலிங் தளத்தில் ஏற்றும்போது பாதியில் நெட் போய்விடும். போனில் மட்டும் நன்றாக ஓடும். அதனால்தான் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆயா, நல்லா இருக்கீங்களா?" என்று அம்மாவிடம் தமிழில் கேட்டார். இந்த ஊரில் அந்த வயதுப் பையன்கள் தமிழ் பேசுவதே அபூர்வம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டீயும் வடையும் வந்தன. "நம்ம ஆளுங்க வீட்டுல நான் காசு பார்ப்பேனா அக்கா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார், ஏதோ கிளிக் செய்தார், திரையை என் பக்கம் திருப்பினார். வைஃபை அடையாளமே காணவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற வைஃபை கார்டு எரிஞ்சு போச்சு அக்கா. லோட்ஷெடிங் முடிஞ்சு கரண்ட் திரும்பி வந்தப்போ அடிச்சிருக்கும். ரவுட்டரும் பழசு." நம்பக்கூடிய பேச்சுதானே? அப்படித் திரும்பிய கரண்டில் எங்கள் தெருவில் டிவியே போயிருக்கிறது. புது ரவுட்டர் 2,400, யுஎஸ்பி வைஃபை அடாப்டர் 650, கூலி 750. மொத்தம் 3,800 ராண்ட், ரொக்கமாக. பழைய ரவுட்டரை "நானே தூக்கிப் போட்டுடறேன்" என்று பையில் வைத்துக்கொண்டார். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார்.

மறுநாளே பழையபடி நெட் விட்டு விட்டு வந்தது. போன் செய்தால் "நாளைக்கு வரேன்க்கா". அப்புறம் "லைன்ல பிரச்சினை, இன்டர்நெட் கம்பெனியைக் கேளுங்க". அப்புறம் "பெட்டியைப் பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க முடியாது". கடைசியில் இரண்டு நீல டிக் மட்டும், பதில் இல்லை. கடைக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் "அவர் வெளியே போயிருக்கார்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்கா மகன்தான் போனிலேயே வழி சொன்னான். கம்ப்யூட்டரில் உள்ள பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னான். நெட்வொர்க் பகுதியில் என் பழைய வைஃபை கார்டின் பெயர் அப்படியே இருந்தது, அதன் மேல் கீழ்நோக்கிய குட்டி அம்புக்குறி. யாரோ அணைத்து வைத்திருந்தால்தான் அந்த அம்பு வரும் என்றான். ரைட் கிளிக், எனேபிள். எரிந்து போனதாகச் சொன்ன கார்டு உடனே வேலை செய்தது! பாவி, என் கண்ணெதிரே அணைத்துவிட்டு எரிந்து போச்சு என்றிருக்கிறான். அந்த 650 ராண்ட் அடாப்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் நெரிக்கும் அலைவரிசை அதுதான். போதாததற்கு அதை யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தான். அந்த யுஎஸ்பி 3.0 இரைச்சல் 2.4 சிக்னலைக் கெடுக்கும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பழைய கார்டை நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்தேன். இப்போது நெட் அறுவதில்லை. என் பழைய ரவுட்டரிலும் 5 இருந்தது, ஆக அதை மாற்றவே தேவையில்லை. அதைவிட வயிற்றெரிச்சல், அது இன்டர்நெட் கம்பெனியின் ரவுட்டர். லைனை நிறுத்தினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கும் காசு கட்ட வேண்டும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. யாரையும் கூப்பிடும் முன் உங்கள் ரவுட்டர் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும், டெஸ்க்டாப்பிலிருந்து பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். அங்கேயே பதில் விட்டுப் போனால் கோளாறு வீட்டுக்குள். அது ஒழுங்காக வந்தும் நெட் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் லைனில். முடிந்தால் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேட்டவுடன் ரொக்கம் கொடுக்காதீர்கள், பில் கையில் வாங்குங்கள். பழைய பொருள் எதையும் வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். "பெட்டியைப் பிரிச்சாச்சு" என்ற பேச்சு அங்கே செல்லாது.

வாட்ஸ்அப் உரையாடலை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பப் போகிறேன். 3,800 ராண்டும் அந்த ரவுட்டரும் எனக்குத் திரும்பி வர வேண்டும்.